செவிக்கு வயதாகும்போது – 7: கூகைக்குக் காது மங்குவதில்லை

நம் உட்செவியில் ஓசையை உணரும் மயிரிழைச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 என்பதும், போனால் போனதுதான் என்பதும் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் நெதர்லாந்தின் ஃபோலிக் அமிலச் சோதனை என்பதுதான் ஏற்பாடு. குறுக்கே ஒரு கூகை பறந்துவிட்டது.

முத்துப்பேட்டைப் பக்கம் நெல் வயல்களில் எலித் தொல்லைக்காக நட்டுவைக்கும் பறவைத் தாங்கிகளில், இருட்டியதும் வந்து உட்காருமே, அந்த வெள்ளை முகக் கூகைதான். எலி அசையும் ஓசையை மட்டும் வைத்துக்கொண்டு கும்மிருட்டில் பாய்ந்து பிடிக்கும் என்பது பழைய சேதி. 2017இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது வேறு. அங்கே கூகைகளின் செவித்திறனை அளந்தார்கள். ஓசை கேட்டால் ஒரு கட்டையிலிருந்து இன்னொன்றுக்குப் பறக்க வேண்டும். சரியாகப் பறந்தால் இரை. அவற்றில் வைஸ் என்றொரு கிழடு. வயது 23. வெளியில் திரியும் கூகைகள் சராசரியாக மூன்று, நான்கு ஆண்டுகள்தான் உயிரோடிருக்கும். இரண்டு வயது நிரம்பாத இளசுகளுக்குக் கேட்ட மெல்லிய ஓசை, இந்தக் கிழத்துக்கும் கேட்டது!

எப்படி? விடைக்கான வழி ஒரு காடையிடம் இருக்கிறது. பரோட்டாக் கடையில் வறுவலாக வருகிறதே, அதே ஜப்பானியக் காடை. அமெரிக்காவில் பிரெண்டா ரயல்ஸ், எட்வின் ரூபெல் இருவரும் வளர்ந்த காடைகளைக் கடும் இரைச்சலில் வைத்து மயிரிழைச் செல்களைச் சாகடித்தார்கள். பிறகு, பிரிந்து பெருகும் செல்லில் மட்டும் பதியும் கதிரியக்க அடையாளத்தை ஊசியில் ஏற்றினார்கள். சில நாட்களில் காதுக்குள் மயிரிழைச் செல்கள் இருந்தன. அவற்றில் அடையாளமும் இருந்தது. பழையவை பிழைத்தெழவில்லை, புதியவை பிறந்திருந்தன. 1988இல் ‘சயின்ஸ்’ இதழ் இதை வெளியிட்டது. கோழிக்குஞ்சிலும் அப்படியே நடப்பதை அதே இதழில் வேறு இருவர் காட்டினார்கள்.

பக்கத்திலிருக்கும் தாங்கு செல்கள்தாம் பறவையில் மயிரிழைச் செல்லாக மாறுகின்றன. நமக்கும் தாங்கு செல்கள் உண்டு. ஆனால் ‘நாட்ச்’ என்ற சமிக்ஞை அவற்றை மாறவிடாமல் அடக்கி வைத்திருக்கிறது. அந்தப் பிடியைத் தளர்த்தினால்? அல்சைமர் நோய்க்கென உருவான ஒரு மருந்து வகையைக் கொண்டு, செவிடான எலியின் கேள்திறனை ஓரளவு மீட்டதாக 2013இல் அறிக்கை வந்தது. மனிதர்களுக்கு வந்தபோதுதான் சறுக்கல். லண்டனில் தொடங்கிய ‘ரீகெய்ன்’ சோதனையின் முடிவு 2024இல் வெளியானது. மருந்து பாதுகாப்பானது, எதிர்பார்த்த அளவுக்குக் காது மேம்படவில்லை. செவிப்பறை வழியாக ஊசி போட்டு வேறொரு கூட்டு மருந்தைச் சோதித்த ஃப்ரீக்வென்சி தெரப்யூட்டிக்ஸ் நிறுவனம் 2023 பிப்ரவரியில் கையை விரித்துவிட்டது.

வயதால் வரும் காது மந்தத்துக்கு அங்கீகாரம் பெற்ற மருந்து எதுவும் இன்றுவரை இல்லை. விளம்பரம் பார்த்துச் சொட்டு மருந்து வாங்கும் காசு வீண். திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் காது–மூக்கு–தொண்டைப் பிரிவுக்குப் போய் ஒருமுறை கேள்திறனை அளந்துகொள்வது நல்லது. 728 பேர் மூன்றாண்டுகள் மாத்திரை விழுங்கிய அந்த நெதர்லாந்துக் கதை, அடுத்த வாரம் கட்டாயம்.