கண்புரையும் விற்றமின் சியும்: மட்டக்களப்பு வாவிக்கரை ஊணை முன்வைத்து ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு, எழுவான்கரையையும் படுவான்கரையையும் பிரித்துக் கிடக்கின்றது. இவ்விரு கரைகளிலும் வாழ்வோரின் அன்றாட ஊணுக்கு அடிப்படை சோறும் மீனுமாகும். எருமைத் தயிர் இப்பிரதேசத்தின் பெயர்பெற்ற உணவு. மாப்பொருள், புரதம், கல்சியம் ஆகியவற்றை இவை தருகின்றன. ஆயின் சோற்றில் விற்றமின் சி இல்லை. மீனிலும் தயிரிலும் அது கருதத்தக்க அளவில் இல்லை. இலைக்கறியும் பழமும் சேராதவிடத்து இவ்வூண் வயிற்றை நிறைப்பினும் விற்றமின் சி அற்றதாகவே அமையும். இக்குறைக்கும் முதுமையிற் பார்வையைப் பறிக்கும் கண்புரைக்கும் உள்ள தொடர்பு யாது? அக்குறையைக் குளிசையால் நிரப்பிக் கண்ணைக் காத்துவிட இயலுமா? இவ்விரு வினாக்களையும் ஆராய்வதே எமது நோக்கமாகும்.

முதலில் ஒரு மயக்கத்தை நீக்கிக்கொள்ளல் வேண்டும். மாலைக்கண், கண் வறட்சி முதலியன விற்றமின் ஏ குறைபாட்டால் விளைவன. விற்றமின் சியின் பணி வேறு. அது பார்வையை உண்டாக்கும் பொருளன்று; பார்க்கும் உறுப்பைச் சிதையாமற் காக்கும் பொருள்.

கண்ணினுள் நிகழ்வது

கடலோடிகளின் ஸ்கேவி நோயைத் தோடம்பழமும் தேசிக்காயினப் பழங்களும் போக்கும் என்பதை 1747இல் ஜேம்ஸ் லிண்ட் சோதித்துக் காட்டினார். அப்பழங்களிலுள்ள பொருளை 1928இற் பிரித்தெடுத்த சென்ற் ஜியோர்ஜி 1937இல் நோபல் பரிசு பெற்றார். பெரும்பாலான விலங்குகள் இப்பொருளைத் தம் உடலிலேயே ஆக்கிக்கொள்கின்றன. மனிதன் அவ்வாற்றலை இழந்தவன். அவன் உண்பதிலிருந்தே அதைப் பெறல் வேண்டும்.

கண்வில்லைக்குக் குருதிக்கலன்கள் இல்லை. அதன் முன்னுள்ள நீர்மயவுடனீரே அதற்கு ஊட்டமளிக்கின்றது. குருதியில் உள்ளதைப்போல ஏறத்தாழ இருபது மடங்கு விற்றமின் சி இந்நீரிற் செறிந்துள்ளது. இச்செறிவு தானாக ஏற்படுவதன்று. கண்ணின் பிசிருடல் குருதியிலிருந்து அதைச் சக்தி செலவிட்டு உட்செலுத்துகின்றது. பகலில் நடமாடும் விலங்குகளின் கண்ணில் இச்செறிவு மிகுந்தும், இரவில் நடமாடுவனவற்றிற் குறைந்தும் காணப்படுவது நோக்கற்பாலது. ஒளியின் தாக்கத்துக்கு எதிரான காப்பாகவே இச்சேமிப்பு அமைந்துள்ளது என்று கொள்ள இஃது இடந்தருகின்றது.

கண்வில்லையின் நடுப்பகுதியிலுள்ள புரதங்கள் பிறப்புக்கு முன் தோன்றியவை. வாழ்நாள் முழுதும் மாற்றப்படாதவை. ஊதாக்கடந்த கதிர்களாலும் உடலின் இயல்பான தொழிற்பாடுகளாலும் உண்டாகும் ஒட்சியேற்றம் அவற்றைச் சிறிது சிறிதாகச் சிதைக்கின்றது. சிதைந்த புரதங்கள் திரண்டு வில்லையை மங்கச் செய்வதே கண்புரை. விற்றமின் சி தான் ஒட்சியேற்றமடைந்து புரதங்களைக் காக்கின்றது; ஆதலின் அது தொடர்ந்து செலவழிகின்றது, தொடர்ந்து ஈடுசெய்யப்படவும் வேண்டும்.

ஆய்வுகள் கூறுவன

வாவிக்கரை வாழ்வோடு ஒப்பிடத்தக்க சான்றுகள் தென்னிந்தியாவிலிருந்து கிடைக்கின்றன. சோற்றுணவு, விறகடுப்பு, வெற்றிலையுடன் புகையிலை மெல்லல் என்பன இருபுறமும் பொதுவானவை. புதுச்சேரிச் சூழலிலும் வட இந்தியாவிலும் 60 வயதுக்கு மேற்பட்ட 5638 பேரை ஆராய்ந்து 2011இல் வெளியிடப்பட்ட முடிவுகளின்படி, குருதியில் விற்றமின் சி கூடியோரிடம் கண்புரை குறைந்து காணப்பட்டது. அம்மக்களிடையே இவ்விற்றமினின் குறைபாடு தெற்கில் ஏறத்தாழ 46 சதவீதமாகவும் வடக்கில் 74 சதவீதமாகவும் இருந்தது. புகையிலைப் பழக்கமும் விறகு முதலிய எரிபொருள்களைப் பயன்படுத்தலும் இக்குறைபாட்டோடு தொடர்புற்றிருந்தன.

எனின், குளிசை கொடுத்தாற் போதாதா? தமிழ்நாட்டுக் கிராமங்களில் 798 பேரிடம் இதுவே சோதிக்கப்பட்டது. விற்றமின் சி, ஈ, பீற்றா கரோற்றீன் ஆகியவற்றை ஐந்தாண்டுகள் கொடுத்தும் கண்புரையின் வளர்ச்சி தடைப்படவில்லை; இம்முடிவு 2006இல் வெளியானது. ஐக்கிய அமெரிக்காவில் 2001இல் வெளியான பேராய்விலும் கண்புரையைப் பொறுத்தவரை பயன் காணப்படவில்லை. ஆயின் விழித்திரை மையச் சிதைவு முற்றும் அபாயமுள்ள முதியோரில், விற்றமின் சியுடன் விற்றமின் ஈ, பீற்றா கரோற்றீன், நாகம், செம்பு ஆகியன சேர்ந்த கலவை அவ்வபாயத்தை ஏறத்தாழக் காற்பங்கு குறைத்தது. அது வேறொரு நோய். அக்கலவை மருத்துவர் ஆலோசனைக்குரியது.

இம்முடிவுகள் ஒன்றையொன்று மறுப்பனபோலத் தோன்றலாம். உண்மையில் அவை வெவ்வேறு வினாக்களுக்கு விடை தருகின்றன. முதலாவது, ஊணிலிருந்து குருதியிற் சேர்ந்த அளவை நோக்குகின்றது. மற்றையவை முதுமையிற் கொடுத்த ஐந்தாறாண்டுக் குளிசையை அளக்கின்றன. மேலும் பழமும் கீரையும் உண்போர் பிற பல வகைகளிலும் நல்வாழ்வு உடையோராதலின், கண்புரை குறைவுக்கு விற்றமின் சி ஒன்றே காரணம் என்று துணிதல் பொருந்தாது. உடல் ஏற்கும் அளவுக்கும் எல்லையுண்டு. மிகை சிறுநீருடன் வெளியேறும். சுவீடனில் நிகழ்ந்த ஆய்வில், மிகையளவிற் குளிசை உண்ட ஆண்களிடம் சிறுநீரகக் கல் கூடுதலாகக் காணப்பட்டது.

குறைபாடு எங்கிருந்து வருகின்றது?

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் போதும் என்கின்றது. 100 கிராம் கொய்யாப்பழத்தில் ஏறத்தாழ 200 மில்லிகிராம் உண்டு. நெல்லிக்காயும் மரமுந்திரிகைப் பழமும் இதிற் செழிப்பானவை. முருங்கையிலை, வல்லாரை, பப்பாசி என்பனவும் கைக்கெட்டுவன. மரமுந்திரிகைக் கொட்டை விலையாகிப்போக, சாறு நிறைந்த பழம் மரத்தடியில் வீணாவதுண்டு. வல்லாரைச் சம்பலை வேகவைக்காது உண்பதும், சொதியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னரே தேசிக்காய்ப் புளி விடுவதும் விற்றமினைக் காக்கும் நல்வழக்கங்கள்; வெப்பமும் நீரும் அதை எளிதில் அழிப்பன.

ஆகவே அறியாமை மட்டுமே காரணமன்று. கச்சான் வீசும் கோடையிற் கீரைப்பாத்தி காய்கின்றது. வீட்டுக்கென ஒரு துண்டு நிலமற்ற குடும்பத்துக்குக் கொய்யாவும் விலைகொடுத்து வாங்கும் பொருளே. விறகுப் புகையைத் தாங்குபவள் பெண். வாவி நீர் தெறிக்கும் வெயிலைத் தோணியில் நாள் முழுதும் தாங்குபவன் மீனவன். பசியடக்க மெல்லும் புகையிலை உழைப்போர் வாயிலேயே மிகுதி. காப்பு அதிகம் தேவைப்படும் கண்களுக்கே அது குறைவாகக் கிடைக்கின்றது. கண்வில்லையின் மங்கலில் வறுமைக்கும் ஒரு பங்குண்டு எனல் மிகையன்று.

முற்றிய கண்புரையை எவ்வுணவும் கரைக்காது. அதற்குச் சத்திரசிகிச்சை ஒன்றே வழி. கொக்கட்டிச்சோலைப் பகுதி முதியவர் மண்முனைத் துறையைக் கடக்க 2014இற் பாலம் திறக்கப்படும்வரை ‘பாதை’ எனும் மிதவையையே நம்பியிருந்தார். பாலம் வந்தபின்னும், அழைத்துச் செல்ல ஆளும் ஒருநாட் கூலியை இழக்கும் வசதியும் வேண்டும். விற்றமின் குளிசைக்குச் செலவிடும் காசும் காத்திருக்கும் காலமும் அச்சிகிச்சையைத் தள்ளிப்போடுமாயின், அக்குளிசை தீங்கே செய்கின்றது. வளவிற் கொய்யாவும் முருங்கையும், புகைபோக்கியுள்ள அடுப்பு, தோணியில் அகன்ற விளிம்புத் தொப்பி, மங்கிய கண்ணுக்குக் காலந்தாழ்த்தாத சிகிச்சை: வாவிக்கரையின் கண்நலத்துக்கு விற்றமின் சி பற்றிய அறிவு காட்டும் வழி இதுவேயாம்.