முதல் ஆயிரம் கிலோமீட்டர்

சொந்த ஊரைவிட்டு வந்து வாழும் நம் போன்ற குடும்பங்களில், புதிய மோட்டார் வண்டி வாசலில் வந்து நிற்கும் நாள் ஒரு திருநாளே ஆகும். பண்டிகைக்கு ஊர் செல்ல 60 நாட்களுக்கு முன்பே ரெயிலில் இடம் தேடி ஏங்க வேண்டியதில்லை. ரெயில்வே குமாஸ்தாவாகிய நானே இவ்வாறு எழுதலாமா என்று அன்பர்கள் நகைக்கலாம். ஆயினும் உண்மை அதுதானே!

நாகபுரியில் பணிபுரியும் என் மைத்துனர், மார்கழி பிறக்குமுன் வாங்கிவிட வேண்டும் என்று கார்த்திகைக் கடைசியில் ஒரு வண்டி வாங்கினார். 1.5 லிட்டர் டர்போ எஞ்சின், 150 குதிரைத்திறன். ஏறத்தாழ இதே அளவு எஞ்சினைக் கொண்டிருந்த பழைய அம்பாஸடர் வண்டியின் திறன் சுமார் 50 குதிரைகளே. அன்று ஒரு குதிரை இழுத்த இடத்தில் இன்று மூன்று குதிரைகள் இழுக்கின்றன என்றால், உள்ளே எத்தனை உஷ்ணமும் அழுத்தமும் இருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

வண்டி வந்த மறுநாளே அதற்குப் போர்வை போர்த்திவிட்டார்கள். "பொங்கலுக்குத்தான் எடுக்கப் போகிறேன், அத்தான். திண்டுக்கல்லில் அப்பாவை ஏற்றிக்கொண்டு கோவிலுக்குப் போவதுதான் இதன் முதல் பயணம்" என்றார் அவர். எண்பது வயதுத் தந்தையின் மேல் அவர் வைத்திருந்த அன்பை மெச்சினேன். ஆனால் யோசனையை மெச்ச முடியவில்லை. திண்டுக்கல் 1,400 கிலோமீட்டருக்கும் மேல். குரூஸ் கண்ட்ரோலைப் போட்டு, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரே சீராகப் போய்விடலாம் என்பது அவர் திட்டம். புதிய எஞ்சினுக்கு அதைவிடப் பொருந்தாத தொடக்கம் இல்லை.

காரணத்தைச் சொல்கிறேன். எஞ்சினின் சிலிண்டர்ச் சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருப்பதில்லை. குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்களை வேண்டுமென்றே இழைத்திருப்பார்கள். அக்கீறல்களில் எண்ணெய் தங்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் மேலும் கீழும் ஓடி, அக்கீறல்களின் கூரிய முனைகளைத் தேய்த்துச் சமனாக்கும். அப்போதுதான் வளையமும் சுவரும் ஒன்றோடொன்று இசைந்து, எரிந்த வாயு கீழே கசியாமலும், எண்ணெய் மேலே ஏறாமலும் அடைத்து நிற்கும். தொழிற்சாலை தொடங்கிய வேலையை முடிப்பது நம்முடைய முதல் சில நூறு கிலோமீட்டர்களே.

இவ்வேலை கெடுவதற்கு இரு வழிகள் உண்டு. எஞ்சின் சூடேறுமுன் முழு வேகத்தில் விரட்டினால், இசையாத பாகங்கள் உராய்ந்து காயப்படும். அதற்கு மாறாக, பொத்திப் பொத்தி மெதுவாகவே ஓட்டினாலும் தீங்குதான். எரிவாயுவின் அழுத்தமே வளையத்தின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு சேர்த்து அமுக்குகிறது. பளுவே இல்லையென்றால் அவ்வழுத்தம் போதாது. வளையம் சரியாகப் படியாமல் சுவரில் மெருகு ஏறிவிடும். பின்னர் எண்ணெய் எரிந்து நீலப்புகை கிளம்பும்.

ஆகவே நடுவழியே நல்வழி. புறப்பட்டதும் எஞ்சின் நன்கு சூடேறும்வரை நிதானம் வேண்டும். தண்ணீர் முள் நடுவுக்கு வந்த பின்னும் எண்ணெய் சூடேறச் சற்று நேரமாகும். பிறகு வேகத்தைக் கூட்டியும் குறைத்தும், கியர்களை மாற்றியும் ஓட்டவேண்டும். ஆக்ஸிலேட்டரை அடிவரை மிதித்தலும், உயர்ந்த கியரில் எஞ்சினைத் திணறவிடுதலும் கூடா. சுழற்சியை உச்ச அளவில் மூன்றில் இரண்டு பங்குக்குள் நிறுத்துவது பல கையேடுகள் கூறும் முறை. டயருக்குப் பிடிமானம் ஏற 300 கிலோமீட்டரும், பிரேக் படிய 500 கிலோமீட்டரும் வைத்துக்கொள்வது நலம்.

இக்காலத்துத் துல்லியமான எஞ்சின்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்போர் உண்டு. பந்தயத் திறன் படைத்த பி.எம்.டபிள்யூ. 'எம்' வகை வண்டிகளுக்கே முதல் 2,000 கிலோமீட்டர்வரை கட்டுப்பாடு உண்டு. அதன் முடிவில் தனிப் பராமரிப்பும் செய்து எண்ணெய் மாற்றுகிறார்கள். எங்கள் ரெயில்வேயிலும், பெரிய பழுது பார்த்த டீசல் எஞ்சினை நேரே மெயில் வண்டியில் மாட்டிவிடுவதில்லை. நின்ற இடத்திலேயே 'லோடு பாக்ஸ்' என்னும் மின்தடைப் பெட்டியோடு இணைத்து, படிப்படியாகப் பளுவேற்றிச் சோதித்த பின்னரே அனுப்புகிறார்கள்.

இவற்றையெல்லாம் சொல்லியும் மைத்துனரின் முகம் தெளியவில்லை. "அப்பா ஏறுமுன் ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி பழைய வண்டி ஆகிவிடாதா?" என்றார். "கடன் 84 மாதம். எஞ்சினும் அத்தனை மாதம் உழைக்க வேண்டாமா?" என்றேன். மறுநாள் போர்வை நீங்கியது.

நான்கு வாரங்கள் அலுவலகத்துக்கும் கடைவீதிக்கும் அவ்வண்டி சென்றது. ஞாயிறுதோறும் ராம்டேக் பக்கம் போய்வந்தோம். மேட்டில் ஏறியும் பள்ளத்தில் இறங்கியும், நின்றும் கிளம்பியும், பொங்கலுக்கு முன் 1,100 கிலோமீட்டர் ஆயிற்று. கையேட்டில் கண்டபடி பணிமனையில் காட்டிய பின்னரே ஊருக்குப் புறப்பட்டார்கள். வழியிலும் இரண்டு மணிக்கு ஒருமுறை நிறுத்தி, வேகத்தை மாற்றி மாற்றியே ஓட்டினார்கள்.

திண்டுக்கல்லில் பெரியவர் வண்டியைச் சுற்றிப் பார்த்து முன் இருக்கையில் அமர்ந்தாராம். ஓடிய தூரம் காட்டும் எண்ணைக் கண்டதும், "இதற்குள் இத்தனை ஓடிவிட்டதா?" என்றாராம். மைத்துனர் தயங்கித் தயங்கிக் காரணத்தைச் சொல்ல, அவர் சிரித்துவிட்டார். "இளங்காளையை முதல் நாளே பாரவண்டியில் பூட்டுவார்களா? வெறும் நுகத்தடி வைத்து நடக்கப் பழக்கித்தானே நானும் ஏரில் பூட்டினேன்! பழகின மாடு என்றுதான் தைரியமாக ஏறி உட்கார்ந்திருக்கிறேன். வண்டியை எடு" என்றாராம்.

வண்டி வாங்கும் அன்பர்களே, போர்வையை எடுத்துவிடுங்கள். கையேட்டை ஒருமுறை படியுங்கள். ஊர்ப் பயணம் இரண்டாவது பயணமாக இருக்கட்டும்.