குழாய்க்குள் போகும் மைக்ராஸ்கோப்

காஞ்சிபுரம் பக்கத்துச் சுங்குவார்சத்திரத்தில், போன் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் நிற்கிறவர்களில் பலருக்கு செல்போன் கேமரா பழகின பொருள். அதனால் அவர்கள் கேட்கும் கேள்வியும் நியாயமானதே: “இத்தனை சின்னக் கேமரா இருக்கே, எண்டோஸ்கோப்பியில அதை உள்ளே விட்டா புற்றுநோய் ஆரம்பத்துலயே தெரிஞ்சிடாதா?”

கட்டியாக வளர்ந்திருந்தால் தெரியும். ஆரம்பத்தில் கட்டியே இருக்காது. உணவுக்குழாயை எடுத்துக்கொண்டால், அதன் மேல்தோலில் இருக்கிற செல்களின் உட்கரு உப்பி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஒழுங்கு கெட்டு நிற்கும். அந்த உட்கருவின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்கு. கேமராவுக்கு அந்த இடம் கொஞ்சம் சிவந்த மாதிரி தெரிந்தால் அதிகம். ஆகவே டாக்டர் சதையைக் கிள்ளி பயாப்ஸிக்கு அனுப்புகிறார். ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

மைக்ராஸ்கோப்பையே உள்ளே அனுப்பலாம் என்றால், எண்டோஸ்கோப்பில் கருவி நுழையும் வழி பொதுவாக 2.8 மில்லிமீட்டர்தான். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரெபெக்கா ரிச்சர்ட்ஸ்-கோர்ட்டம் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மைக்ராஸ்கோப்பை வெளியே வைத்துவிட்டு, சுமார் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி இழைக் கற்றையை மட்டும் உள்ளே அனுப்பினார்கள். அதில் ஏறத்தாழ 30,000 இழைகள். கோலப் புள்ளிகள் மாதிரி, ஒவ்வொரு இழையும் படத்தின் ஒரு புள்ளியைக் கொண்டுவரும். சதைமேல் புரோஃபிளேவின் சாயம் தடவி நீல ஒளி பாய்ச்சினால், உட்கருக்கள் பச்சையாய் ஒளிரும். இழைக்கும் இழைக்கும் இடைவெளி சுமார் 4 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு. அதைவிட நுணுக்கமானது பிடிபடாது. உட்கரு அதைவிடப் பெரியது என்பதால் இது போதும். இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் நுனியில் கிரின் லென்ஸ் வைக்கலாம். நடுவிலிருந்து ஓரம் வரை ஒளியை வளைக்கும் திறன் மாறிக்கொண்டே போகும் கண்ணாடிக் குச்சி அது. இரு முனையும் தட்டை. வளைவாகத் தேய்க்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரு குறையும் உண்டு. ஒரு நேரத்தில் பார்க்கிற வட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. உணவுக்குழாயோ சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். ஆகவே முதலில் அயோடின் தெளிப்பார்கள். நல்ல தோல் பழுப்பேறும், சந்தேகப்பட வேண்டிய இடம் வெளிறி நிற்கும். ஆனால் அயோடின் ஒன்றுமில்லாத இடத்தையும் சந்தேகிக்கும். சீனாவிலும் அமெரிக்காவிலும் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில், நோயில்லாத 100 இடங்களில் அயோடின் சரியாக விட்டுவிட்டது 48. மைக்ராஸ்கோப்பும் சேர்ந்தபோது 88. அத்தனை கிள்ளல் மிச்சம்.

இந்த நோய் இந்த வட்டாரம் அறியாததல்ல. காஞ்சிபுரத்து அண்ணா 1969-ல் உணவுக்குழாய்ப் புற்றுநோயால் இறந்தார். அவர் பெயரில் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இந்தப் பக்கம் ஒரகடத்தில், மத்திய அரசுத் திட்டத்தின்கீழ் நான்கு மாநிலங்களுக்கு ஒதுக்கப்பட்ட மருத்துவக் கருவிப் பூங்காக்களில் ஒன்று. தூசி படாமல் லென்ஸைக் கையாளுவது போன் செய்யும் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஆனால் ஒரு போன் ஒருவர் கையோடு போய்விடும். இந்த இழைக் கற்றையின் நுனி அடுத்தடுத்த நோயாளிக்குள் போகும். ஒவ்வொரு முறையும் கிருமிநாசினியில் ஊறியும் கண்ணாடிக்கும் எஃகுக்கும் நடுவே உள்ள பசை விடக் கூடாது. துளி ஈரம் புகுந்து படம் மங்கினால், கெட்ட இடத்தை நல்ல இடம் என்று சொல்லி நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடும். லென்ஸ் எவ்வளவு சின்னது என்பதைவிட, நூறாவது தடவையும் அதே படம் வருகிறதா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.