கருவி வந்தது, பாடம் எங்கே?

பள்ளிக்கூடங்களுக்குப் புதுக் கருவிகள் வழங்கும் வைபவங்கள் நமது நாட்டில் குறைவின்றி நடைபெறுகின்றன. மந்திரி வருகிறார், தொடுதிரைப் பலகை திறந்துவைக்கப்படுகிறது, மாலை மரியாதைகள் நடக்கின்றன. மறுநாள் அந்தப் பலகையில் நடப்பது என்ன என்பதைப் பற்றி மாத்திரம் எவரும் பேசுவதில்லை. கரும்பலகையைப் பார்த்து எழுதிய பிள்ளைகள் இப்போது ஒளித்திரையைப் பார்த்து எழுதுகிறார்களென்றால், ஜனங்களின் பணம் எதற்காகச் செலவாயிற்று என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலையில் பௌதிக சாஸ்திரம் போதிக்கும் எரிக் மஸூர் என்பார் 1990-ஆம் ஆண்டு வாக்கில் தம் மாணாக்கரைச் சோதித்துப் பார்த்தார். கனத்த லாரியும் சிறிய காரும் மோதினால் எது எதன்மீது அதிக விசையைச் செலுத்துகிறது என்பது போன்ற வினாக்கள். நியூட்டன் விதிப்படி இரண்டும் சமம். கடினமான கணக்குகளையெல்லாம் போட்டுத் தேறியவர்களில் பலர் இங்கே இடறிவிழுந்தனர். தாங்கள் கற்பித்தபடி எழுதுவதா, நான் நினைக்கிறபடி எழுதுவதா என்று ஒரு மாணாக்கர் அவரையே கேட்டாராம். நன்றாகப் போதிப்பவர் என்று பெயரெடுத்திருந்த ஆசிரியருக்கு இதைவிடப் பலத்த அடி வேறென்ன வேண்டும்!

அதன்பின் அவர் கைக்கொண்ட முறை எளிது. சிறிது நேரம் விளக்கம். பிறகு ஒரு வினா, சில விடைகள். ஒவ்வொருவரும் தனியே யோசித்துத் தம் விடையைத் தெரிவிக்கவேண்டும். நூற்றுக்கு 30 பேருக்கும் குறைவாகவே சரியான விடை சொன்னால் பாடத்தை மறுபடி விளக்குவார். 70-க்கு மேற்பட்டால் அடுத்த பொருளுக்குச் செல்வார். இடைப்பட்டதாயின், பக்கத்திலிருப்பவரோடு வாதாடும்படி விட்டு மறுபடி வாக்கெடுப்பார். நேற்றுத்தான் அந்த விஷயத்தைப் புரிந்துகொண்ட பையனுக்கு, புரியாதவன் எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறான் என்பது ஆசிரியரைவிட நன்றாகத் தெரியும் அல்லவா? 1997-இல் அவர் இம்முறையையும் வினாக்களையும் நூலாக வெளியிட்டார்.

முதலில் கையைத் தூக்கி விடை சொன்னார்கள். பின்னர் மின்கருவிகள் வந்தன. இன்றோ அவ்வளவு செலவும் வேண்டியதில்லை. பிளிக்கர்ஸ் என்னும் ஏற்பாட்டில் மாணாக்கர் கையிலிருப்பது கட்டம் அச்சிட்ட காகித அட்டை. அதைத் திருப்பிப் பிடிக்கும் திசையே விடை. உபாத்தியாயர் தமது போனின் காமிராவை வகுப்பின்மீது ஓட்டினால் கணக்கு வந்துவிடுகிறது. எவர் எந்த விடை காட்டினார் என்பது அடுத்தவர் கண்ணுக்கு எளிதில் புலப்படாது. வாயைத் திறக்க அஞ்சிக் கடைசிப் பெஞ்சியில் ஒடுங்கும் பிள்ளைக்கு இதுவே பெரிய விடுதலை.

இதில் போனும் அட்டையும் அற்பம், வினாவே மூலதனம். பிள்ளைகள் வழக்கமாகத் தவறும் இடத்தை அறிந்து இயற்றிய வினா ஒன்று பத்து வருஷம் ஆயிரம் வகுப்புக்களில் உழைக்கும். ஒரு கிராமத்து உபாத்தியாயர் இரவு கண்விழித்து அமைத்த பாடம் அவர் மாற்றலாகிப் போனவுடன் அழிந்துபோவது தேச நஷ்டமே. அதைக் கம்பெனி ஒன்று சந்தாப் பூட்டுக்குள் வைத்து, ஒப்பந்தம் முடிந்தவுடன் எடுத்துச் செல்வது அதனினும் கேடு.

பூட்டில்லாத பாடங்களும் உள்ளன. நோபெல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் கொலராடோ சர்வகலாசாலையில் தொடங்கிய ‘பெட்’ திட்டத்தில், மாணாக்கர் திரையிலேயே மின்கலத்தையும் கம்பியையும் விளக்கையும் இணைத்துச் சோதிக்கலாம். விலையில்லை, இறக்கி வைத்துக்கொண்டால் இணையமும் வேண்டியதில்லை, சில பகுதிகள் தமிழிலும் கிடைக்கின்றன. 2018 முதல் வெளிவந்த தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களிலேயே ‘இணையச் செயல்பாடு’ என்ற தலைப்பில் இத்தகைய பயிற்சிகள் அச்சாகியிருக்கின்றன. பரீட்சையில் வராத பக்கம் என்று அதைப் புரட்டிவிடுவோரை மாத்திரம் குறைகூறிப் பயனில்லை; பரீட்சையை அவ்விதம் வைத்திருப்பவர் யார்?

ஒவ்வொரு பாடத்துக்கும் நல்ல தமிழில் இத்தகைய வினாக்களைச் சர்க்கார் திரட்டி, எவரும் எடுத்தாளவும் திருத்தவும் உரிமையளித்து வெளியிட வேண்டும். இயற்றிய உபாத்தியாயரின் பெயர் அதன் கீழ் இருக்கட்டும். ஊர்தோறும் உழைக்கும் நமது ஊழியர்கள், பள்ளிக்கூடத்துக்குப் பலகை எத்தனை வந்தது என்று விசாரிப்பதோடு நில்லாமல், அதில் சென்ற வாரம் பிள்ளைகள் எந்த வினாவுக்கு விடை சொன்னார்கள் என்றும் விசாரிக்கட்டும்.