கூடையில் வந்த முதற்பலன்

அறுவடைக் காலத்தில் ஆண்டவரின் திருமுன் வரும் இஸ்ரயேல் மகன், முதற்பலன் நிறைந்த கூடையைக் குருவின் கையில் கொடுத்துவிட்டு வாளாவிருப்பதில்லை. அலைந்து திரிந்த தன் மூதாதையின் கதையையும் எகிப்தில் பட்ட அடிமைத் துயரையும் அவன் வாய்விட்டு அறிக்கையிட வேண்டும் என்கிறது இணைச்சட்ட நூலின் 26ஆம் அதிகாரம். நமுனுகுல மலைச்சரிவில் கூடை சுமந்த கிறிஸ்தவக் குடும்பங்களை நினைக்கும்போதெல்லாம் இப்பகுதியே என் உள்ளத்தில் எழுகிறது.

அவர்களுக்கும் சொல்ல ஒரு கதை உண்டு. தென் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே நடந்து, கோப்பித் தோட்டங்களை அடைந்தவர்களின் கதை அது. நோயாலும் பசியாலும் வழியிலேயே மடிந்தோர் பலர். 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழிந்தபின் தேயிலை வந்தது. கூடை மட்டும் முதுகை விட்டு இறங்கவில்லை.

இம்மக்களிடையே பணியாற்ற 1854இல் ஆங்கிலிக்கன் திருச்சபையினர் ஒரு மிஷனைத் தொடங்கினர். அதன் பெயர் ‘தமிழ்க் கூலி மிஷன்’. நற்செய்திப் பணியின் பெயரிலேயே மனிதரைக் கூலி என்று எழுதியதை இன்று படிக்கக் கூசுகிறது. தோட்டத் துரைமாரும் அதற்குப் பொருளுதவி செய்தனர். உபதேசிமார் திருநெல்வேலிச் சபைகளிலிருந்து வந்தனர். 1799இல் முதலூர் என்னும் கிறிஸ்தவக் கிராமம் உருவான மண் அது. பனையேறியும் பயிரிட்டும் வாழ்ந்தவர்கள், அன்றாடம் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை ஆண்டவருக்கென எடுத்து வைத்த மண். விடியுமுன் பிரட்டுக்களத்தில் கூடிய தொழிலாளரிடம் அந்த உபதேசிமார் பேசினர். விடுதலைப் பயணத்தின் கதையைத் துரையின் காதுபடச் சொல்லியிருப்பார்களா என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு.

பதுளை நகரில் புனித மாற்கு ஆலயம் கல்லால் எழுந்து நிற்கிறது. யானை வேட்டைக்குப் பேர்போனவரும், 1845இல் மின்னல் தாக்கி இறந்தவருமான மேஜர் ரோஜர்ஸின் நினைவாக அது கட்டப்பட்டது. தோட்டத்துச் சபைக்கோ தகரக் கூரையிட்ட பள்ளிக்கூடமே கோயில் என்றார், நான் சந்தித்த ஆங்கிலிக்கன் மூதாட்டி ஒருவர். எங்கள் ‘திருமுழுக்கு’ அவருக்கு ‘ஞானஸ்நானம்’; எங்கள் ‘செபம்’ அவருக்கு ‘ஜெபம்’. அதனால் எங்கள் உரையாடலுக்கு ஒரு குறையும் வரவில்லை.

கொழுந்து மிகுந்த காலங்களில் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசு வேலை உண்டு. அன்று பறித்த கொழுந்துக்கு அன்றே பணம். ஆறு பிள்ளைகளைப் பெற்ற தாய்க்கு அது சிறு சோதனையா? “அம்மா மலைக்குப் போற ஞாயித்துக்கிழமையில என்னையக் கோயிலுக்கு அனுப்பிருவாங்க, சாமி. ‘எனக்கும் சேர்த்து நீ ஜெபம் பண்ணிட்டு வா’ன்னு சொல்லுவாங்க” என்றார் அவர். ஓய்வுநாளை மீறியவள் என்று அத்தாயைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, சொந்த நிலம் உள்ளவன் முதற்பலன் கொண்டுவருவது எளிது. பிறந்தது முதல் மண்ணோடு மல்லுக்கட்டியும் ஒரு பிடி மண்ணுக்கும் உரிமையற்றவர் எதைக் கொண்டுவருவார்? சம்பளத்தில் கழித்துக்கொண்டு தோட்டம் கொடுத்த அரிசியிலும் அவருடைய தாய் பிடியரிசி எடுத்து வைத்தாராம். அறுவடைப் பண்டிகைக்கு லயத்தின் பின்புறத் துண்டு நிலத்தில் விளைந்த போஞ்சி, பூசணி, கோழி முட்டை எல்லாம் பீடத்தின் முன் குவியும். ஆராதனை முடிந்ததும் அவை ஏலத்திற்கு வரும்.

1948இல் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மூதாட்டியின் அக்காள் குடும்பத்துக்கு இந்தியா; அவருக்கு இலங்கை. தலைமன்னாரில் கப்பலேறப் புறப்பட்டபோது, அக்காள் நட்ட பூசணிக்கொடி பிஞ்சு விட்டிருந்தது.

அவ்வாண்டு அறுவடைப் பண்டிகையில் அந்தக் காயைத் தங்கைதான் சுமந்துபோய்ப் பீடத்தின் முன் வைத்தார். ஏலத்தில் வேறெவருக்கும் விட்டுக்கொடாமல் தாமே அதை எடுத்தார். விதைகளைச் சாம்பலில் புரட்டி உலர்த்தி, மறுமாரியில் அதே இடத்தில் ஊன்றினார்.