காட்டுப் பூவரசு

தரங்கம்பாடிக்கும் காரைக்காலுக்கும் இடையே, கடலோரமாக அமைந்திருக்கும் சிற்றூர் பூவம். பெயரைக் கேட்டதும் மலர்வனம் ஒன்று மனக்கண்முன் தோன்றும். ஆனால், காவிரியின் கடைமடையில் உள்ள மற்றக் கிராமங்களைப் போலவே இங்கும் கண்ணுக்கு விருந்தாக அமைபவை நெல்வயல்களும், தென்னந்தோப்புகளும், வேலியோரத்துப் பூவரச மரங்களுமேயாம். பூவரசைப் பற்றிச் சோழ நாட்டில் பிறந்த எவருக்கும் நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அதன் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை உண்டா? அந்த இலையில் வைத்து அவித்த கொழுக்கட்டையின் மணத்தை மறந்தவர்தான் உண்டா? மஞ்சளாக மலர்ந்து, பொழுது சாயும்போது செந்நிறம் பெற்று வாடும் அதன் பூவை மட்டும் யாரும் தலையில் சூடுவதில்லை. அதற்காக மரம் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

இந்த எளிய மரத்தின் பெயரைத் தாங்கி, கடல் மட்டத்துக்கு ஏழாயிரம் அடிக்கு மேலே, பனியும் குளிர்காற்றும் வீசும் மலைமுகட்டில் வேறொரு மரம் நிற்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் அதற்குக் காட்டுப் பூவரசு என்று பெயர். உலகத்தார் அதை ரோடோடெண்ட்ரன் என்கிறார்கள். கிரேக்க பாஷையில் 'ரோஜா மரம்' என்பது அதன் பொருள். தாவர சாஸ்திரப்படி இரண்டு பூவரசுகளுக்கும் உறவு கிடையாது. நம்முடையது பருத்திக்கும் செம்பருத்திக்கும் பங்காளி. மலையில் இருப்பதோ குளிர்தேசத்துச் செடிகள் பல அடங்கிய வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும், மலையேறிச் சென்ற மனிதன் கீழே விட்டுவந்த மரத்தின் பெயரை மேலேயும் வைத்தான் என்று எண்ணிக்கொள்வதில் நமக்கு ஓர் ஆனந்தம் இருக்கிறதல்லவா?

தோட்டத்தைத் தேடி

பூவத்துக்காரருக்குப் பக்கத்தில் உள்ள தாவரத் தோட்டம் புதுச்சேரியில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் 1826-ம் ஆண்டில் தொடங்கிய அந்தத் தோட்டம், பிரெஞ்சு ஆட்சி 1954-ல் நீங்கிய பின்பும் அழியாமல் நிற்கிறது. ஆனால், அங்கே ரோடோடெண்ட்ரனைத் தேடிப் பயனில்லை. கடற்கரை வெப்பத்தில் அது பிழைக்காது. அந்தத் தோட்டத்தை நெடுங்காலம் மேற்பார்த்து வந்த பெரோத்தே என்னும் தாவர சாஸ்திரியும் மலைச் செடிகளை ஆராய நீலகிரிக்குத்தான் சென்றார். நாமும் அவ்வழியே செல்வோம்.

மயிலாடுதுறையில் ரயில் ஏறினால், தஞ்சை, திருச்சி, கரூர், ஈரோடு ஆகிய ஊர்களைக் கடந்து கோயம்புத்தூரை அடையலாம். அங்கிருந்து மேட்டுப்பாளையம். பின்னர், 1899-ல் குன்னூர் வரையிலும் 1908-ல் உதகமண்டலம் வரையிலும் போடப்பட்ட மலை ரயில். செங்குத்தான இடங்களில் பற்சக்கரத்தால் பற்றிப் பற்றி அது ஏறும் அழகைக் குழந்தைகள் வாய் மூடாமல் பார்ப்பார்கள். பிரயாணத்தில் இன்னொரு விசேஷமும் உண்டு. தஞ்சையிலிருந்து ஈரோடு வரையில் காவிரியும் அதன் கிளைகளும் அடிக்கடி கண்ணில் படுகின்றன. மேட்டுப்பாளையத்தில் பவானி வந்து எதிர்கொள்கிறது. அதாவது, நம் ஊர் வாய்க்காலில் ஓடும் நீரை எதிர்த்து மேல்நோக்கியே நாம் பயணம் செய்கிறோம். இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுமாறு நேயர்களை வேண்டுகிறோம்.

உதகையின் தாவரத் தோட்டம் 1848-ம் ஆண்டில் உருவாகத் தொடங்கியது. லண்டனுக்கு அருகேயுள்ள கியூ தோட்டத்தில் பயின்ற மக்ஐவர் என்பவர் அதைத் திட்டமிட்டு அமைத்தார். அதற்கு முன்பு அவ்விடத்தில் இருந்தது, அங்கே குடியேறிய வெள்ளைக்காரர்கள் சந்தா சேர்த்து நடத்திய காய்கறித் தோட்டமே. உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் விளைந்த அந்தச் சரிவு, இன்று சுமார் 55 ஏக்கர் பரப்பில், படிப்படியாக மலை ஏறும் பசும்புல்வெளிகளும் பூப்பாத்திகளும் பல தேசத்து மரங்களும் கொண்ட சோலையாக விளங்குகிறது. தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறையார் அதைப் பராமரித்து வருகின்றனர்.

எப்போது போக வேண்டும்?

நம்மவர்களில் பலர் உதகைக்குப் போவது மே மாதத்தில். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை, தோட்டத்தில் புகழ்பெற்ற மலர்க் கண்காட்சி, கீழே அக்கினி நட்சத்திரம். எல்லாம் சரிதான். ஆனால், காட்டுப் பூவரசு நம்முடைய விடுமுறைக்காகக் காத்திருப்பதில்லை. அது பெரும்பாலும் தை, மாசி மாதங்களில், உறைபனி விழும் நாட்களை ஒட்டியே மலரத் தொடங்குகிறது. வருஷத்துக்கு வருஷம் சில வாரங்கள் முன்பின்னாக இருக்கலாம். மே மாதத்தில் போகிறவர்கள் மற்ற மலர்களை எல்லாம் பார்த்துவிட்டு, இந்த மலையின் சொந்த மலரை மட்டும் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

தோட்டத்தின் எல்லையோடும் நின்றுவிடலாகாது. தோட்டம் அமைந்திருப்பது தொட்டபெட்டா மலையின் அடிச்சரிவில். அந்த மலை 8,650 அடி உயரம், நீலகிரியிலேயே உயர்ந்தது. சிகரத்துக்குப் போகும் சாலையில், சோலைக்காடுகளின் ஓரத்தில், முறுக்கேறிய கிளைகளும் வெடித்த தடித்த பட்டையுமாக நிற்கும் மரங்களைக் காணலாம். இலை தோல் போலத் தடித்து, மேலே கரும்பச்சையாகவும் அடியில் மெல்லிய ரோமம் படர்ந்தும் இருக்கும். கிளை நுனிதோறும் மணி போன்ற செம்பூக்கள் கொத்துக் கொத்தாக மலரும்போது, நீலவானத்தின் கீழ் மரம் தீப்பற்றிக்கொண்டது போலத் தோன்றும். பூவினுள் தேன் நிறைந்திருக்கும். அதை நாடிச் சிறு பறவைகள் கூட்டமாக வரும். புல்வெளியில் காட்டுத்தீ பரவும்போதும் உறைபனி கருக்கும்போதும் மற்ற மரங்கள் மடிய, தடித்த பட்டையின் காப்பினால் இது மட்டும் தாங்கி நிற்பது உண்டு. ஆகையால்தான் திறந்த புல்வெளியின் நடுவிலும் தன்னந்தனியாக இதைக் காண்கிறோம்.

எங்கிருந்து வந்தது?

ரோடோடெண்ட்ரன் இனங்கள் உலகில் ஆயிரத்துக்கு மேல் உண்டு. அவற்றில் மிகப் பல இமயத்தையும் அதற்குக் கிழக்கேயுள்ள மலைகளையும் சேர்ந்தவை. அங்கே வளரும் செம்பூ மரத்தை உத்தராகண்டத்தார் புராஞ்சு என்று அழைத்துத் தங்கள் மாநில மரமாகப் போற்றுகிறார்கள். அதன் பூவிலிருந்து சர்பத்தும் செய்கிறார்கள். நேபாளத்துக்கு அதுவே தேசிய மலர். நீலகிரி, பழனி, ஆனைமலை ஆகிய இடங்களில் உள்ளது அந்த மரத்தின் கிளையினமே. இலங்கையில் ஹார்ட்டன் சமவெளியிலும் நுவரெலியாப் பக்கத்திலும் இன்னொரு கிளையினம் இருக்கிறது.

இமயத்துக்கும் நீலகிரிக்கும் நடுவே ஆயிரம் மைலுக்கு மேல் வெப்பச் சமவெளி கிடக்கிறதே, எப்படி வந்தது இந்த மரம்? பூமி இன்றைவிடக் குளிர்ந்திருந்த பண்டைக் காலத்தில் குளிர்ச்செடிகள் தாழ்ந்த குன்றுகளிலும் பரவித் தெற்கே வந்தன; மீண்டும் வெப்பம் ஏறியபோது சிகரங்களில் மட்டும் தங்கிவிட்டன என்பது அறிஞர் பலரின் கருத்து. பாரத தேசம் ஒன்று என்பதற்கு இமயம் முதல் குமரி வரையில் புண்ணியத் தலங்களைச் சொல்வது நம் வழக்கம். மனிதர் யாத்திரை தொடங்குவதற்கு முன்பே ஒரு செம்மலர் அந்த யாத்திரையைச் செய்துவிட்டது போலும்!

இந்தத் தென்னாட்டு மரத்தை முதன்முதலில் சாஸ்திர முறையில் விவரித்தவர் ஜெர்மனியில் ஜேனா நகரத்துப் பேராசிரியர் சென்கர். நீலகிரியில் இருந்த பெர்ன்ஹார்ட் ஷ்மித் என்ற பாதிரியார் சேகரித்து அனுப்பிய செடிகளைக் கொண்டு, அவர் 1835 முதல் 1837 வரையில் ஒரு நூலை வெளியிட்டார். மரத்துக்கு அவர் இட்ட அடைமொழி 'நீலகிரிக்கும்'. நம் மலையின் பெயர் லத்தீன் வேஷம் பூண்டு உலகமெங்கும் வழங்கலாயிற்று. நம்மில் பலரோ அதைச் சீமையிலிருந்து வந்த பூ என்று இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

வேருக்குக் கீழே

மலையில் உண்மையாகவே சீமைச் சரக்காக வந்தவை வேறு. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கற்பூர மரமும் சீகை மரமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்காக நடப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு, தோல் பதனிடவும் செயற்கைப் பட்டு நூலுக்கும் வேண்டுமென்று அவற்றை இன்னும் பரந்த புல்வெளிகளில் நட்டார்கள். தேயிலையும் பரவியது. புல்வெளியைப் பாழ்நிலம் என்று கருதியதே அதற்குக் காரணம். சீகையோ நட்ட இடத்தோடு நில்லாமல் தானே விதை பரப்பிக்கொண்டு, சோலையோரத்தில் காட்டுப் பூவரசு நிற்கும் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது.

அந்தப் புல்வெளி பாழ்நிலமன்று. பருவமழையைப் பஞ்சுபோல் வாங்கி, கோடை வரையில் சிறிது சிறிதாக ஓடைகளில் விடும் நீர்க்களஞ்சியம் அது. நீலகிரியில் கிளென்மார்கன் என்னும் இடத்தில் மண்வள, நீர்வள ஆராய்ச்சியாளர்கள் இதை அளந்தே பார்த்தார்கள். 1970-களில் புல்வெளியின் ஒரு பகுதியில் கற்பூர மரம் நட்டதும், முதல் பத்தாண்டில் ஓடைக்கு வரும் நீர் நூற்றுக்குச் சுமார் 16 பங்கு குறைந்துவிட்டது.

இப்போது ரயிலில் பார்த்த ஆறுகளை நினைவுகூரலாம். நீலகிரியின் ஓடைகள் பல, பவானியாகவும் மாயாறாகவும் இறங்கிப் பவானிசாகரில் கூடி, பவானி நகருக்கு அருகே காவிரியோடு கலக்கின்றன. காவிரிப் படுகைக்கு நீர் முழுவதும் அங்கிருந்தே வருவதில்லை. குடகும் கபினியும் மேட்டூர் வழியாகத் தருவதே பெரும்பங்கு. பவானி நீரிலும் பெரும்பகுதியை வழியிலுள்ள வயல்கள் எடுத்துக்கொள்கின்றன. ஆயினும், அரசலாற்றிலும் நண்டலாற்றிலும் நீர் வருமா என்று ஆண்டுதோறும் ஏங்கும் கடைமடைக்காரருக்கு, மேலே குறையும் ஒவ்வொரு துளியும் கணக்கில் வரத்தான் செய்யும். மடைத்தலையில் உள்ளவன் குடத்தை உடைத்தால் கடைமடையில் உள்ளவனுக்கே தாகம்.

நல்ல செய்தியும் இல்லாமலில்லை. வனத்துறையினர் அண்மை ஆண்டுகளில் சில இடங்களில் சீகையை அகற்றிப் புல்வெளியையும் சோலையையும் மீட்க முயன்று வருகிறார்கள். நீலவரையாடு மேயும் முக்கூர்த்தி, 1990 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகிறது. இவ்வேலை மெதுவாகத்தான் நடக்கும். காட்டுப் பூவரசின் விதை தூசியைப் போல் நுண்ணியது. அது முளைத்து மரமாகிப் பூக்கப் பல ஆண்டுகள் வேண்டும். சீகைக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

ஆகவே, அடுத்த தை மாசியில் இயன்றவர்கள் குடும்பத்தோடு ஒரு முறை உதகைக்குப் போய் வாருங்கள். தோட்டத்தை நன்றாகச் சுற்றிப் பாருங்கள்; பிறகு அதன் வேலிக்கு அப்பாலும் சற்றுத் தலைநிமிர்ந்து பாருங்கள். பூவைப் பறிக்க வேண்டாம். தேன் குடிக்க வரும் பறவைகளுக்கு அது காலை ஆகாரம். குழந்தைகளுக்கு அந்த மரத்தின் தமிழ்ப் பெயரைச் சொல்லிக்கொடுங்கள். ஊரில் வாய்க்காலோரத்தில் நிற்கும் பூவரசுக்கு யார் தண்ணீர் அனுப்புகிறார்கள் என்று அவர்கள் கேட்டால், விரலை நீட்டிக் காட்ட ஒரு மரம் இருக்கட்டும்.