பூட்டிக்கொண்ட கணிப்பொறி

திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தை நம்பிக் குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். 2024 ஏப்ரல் இறுதியில் அம்மையத்தின் கணிப்பொறிகளை விஷமிகள் தாக்கியதால் கதிர்வீச்சுச் சிகிச்சை தடைப்பட்டது. எந்த இடத்தில், எவ்வளவு கதிர் செலுத்துவது என்ற கணக்கெல்லாம் கணிப்பொறியில் அல்லவா இருக்கிறது!

பிணைப்பணம் கேட்கும் இத்தகைய தாக்குதலில் ஹார்ட் டிஸ்க் உடைவதில்லை. அதிலுள்ள தகவல்கள் சங்கேத எழுத்தாக மாறிவிடுகின்றன. மாற்றுச் சாவி போட்டுத் திறக்க எந்த ரிப்பேர்க்காரராலும் பெரும்பாலும் இயலாது.

வீட்டுக் கணிப்பொறியும் பூட்டிக்கொள்வது உண்டு. விண்டோஸில் உள்ள 'பிட்லாக்கர்' என்ற காவல், மதர்போர்டை மாற்றினால் 48 இலக்க எண்ணைக் கேட்கும். பதற வேண்டாம். வேறு கணிப்பொறியிலோ செல்போனிலோ உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் அந்த எண் அங்கே இருக்கும். எங்குமே கிடைக்காவிட்டால் டிஸ்க்கை அழித்து மீண்டும் பயன்படுத்தலாம். உள்ளிருந்த படங்களும் பத்திரங்களும் போனது போனதுதான்.

விஷமிகள் பூட்டியிருந்தால் முதலில் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். டிஸ்க்கை அழிக்காதீர்கள். பணம் கொடுத்தாலும் சாவி வரும் என்பது நிச்சயமில்லை. 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். ஐரோப்பியப் போலீசார் முதலானோர் 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில பூட்டுகளுக்கு இலவசச் சாவி உண்டு.

வருமுன் காப்பதே மேல். முக்கியமானவற்றுக்கு இன்னொரு பிரதி எடுத்து, கணிப்பொறியிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள். இணைத்தே வைத்தால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். அந்த 48 இலக்க எண்ணையும் இன்றே தாளில் எழுதிப் பீரோவில் வைப்பது நல்லது.